புகை டெஸ்டில் ஃபெயிலானால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மாற்ற வேண்டுமா?

"வண்டி புகையே விடறதில்லீங்க, அப்புறம் எப்படிங்க ஃபெயில் ஆகும்?" கோவை, திருப்பூர், ஈரோடு என்று எந்த ஊர்ப் புகைப் பரிசோதனை மையத்துக்குப் போனாலும் இந்தக் கேள்வி காதில் விழும். பக்கத்திலேயே ஒருவர் பதிலும் வைத்திருப்பார்: "கன்வெர்ட்டர் போயிருக்குமுங்க. மாத்திருங்க." இன்னொருவர் குரலைத் தாழ்த்தி, "அதை உள்ளே உடைச்சுக் காலி பண்ணீட்டா பிக்கப்பும் வரும், மைலேஜும் வரும்" என்பார்.

மூன்றும் அரைகுறைப் புரிதலில் வருகிற பேச்சு. மூன்றாவது சட்டப்படி குற்றமும்கூட. காரின் அடியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்ற அந்த டப்பா என்ன செய்கிறது, புகை டெஸ்டில் எதை அளக்கிறார்கள் என்ற இரண்டும் தெரிந்துவிட்டால், எப்போது அதை மாற்ற வேண்டும், எப்போது தொடவே கூடாது என்பது தானாகப் புரிந்துவிடும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கன்வெர்ட்டர் தானாகச் சாவது குறைவு. இன்ஜினில் இருக்கும் வேறொரு கோளாறுதான் பெரும்பாலும் அதைச் சாகடிக்கிறது. அந்தக் கோளாறைக் கண்டுபிடிக்காமல் புதியதை மாட்டுவது பணத்தை ஆற்றில் கொட்டுவதுதான். இங்கே பேசப்போவது பெட்ரோல் காரைப் பற்றி. டீசல் கதை வேறு, அதைப் பிறகு தொட்டுக்கொள்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாத புகை

பெட்ரோல் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள். முழுசாக எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் மட்டும் வரவேண்டும். மார்கழிக் காலையில் சைலன்சர் நுனியில் சொட்டுகிற தண்ணீர் அந்த நீராவிதான். "தண்ணி சொட்டுனா கன்வெர்ட்டர் நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்று சொல்பவர்கள் உண்டு. கன்வெர்ட்டரே இல்லாத பழைய வண்டியிலும் தண்ணீர் சொட்டும், பெட்ரோல் எரிந்தாலே தண்ணீர் உண்டாகும்.

ஆனால் இன்ஜினுக்குள் எதுவும் முழுசாக எரிவதில்லை. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றும்போது, எரிவதற்குக் கிடைக்கும் நேரம் கண்ணிமைப்பதைவிடக் குறைவு. அதனால் மூன்று வேண்டாத பொருள்கள் வெளியே வருகின்றன. ஒன்று, கார்பன் மோனாக்சைடு. பாதி எரிந்த கார்பன் இது. நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். ஷட்டரை இறக்கிவிட்டு ஷெட்டுக்குள் காரை ஓடவிடக் கூடாது என்று சொல்வது இதனால்தான். இரண்டாவது, ஹைட்ரோகார்பன். எரியாமலே தப்பித்த பெட்ரோல். மூன்றாவது, நைட்ரஜன் ஆக்சைடு. இது பெட்ரோலிலிருந்து வருவதில்லை. இன்ஜினுக்குள் இருக்கும் கடும் வெப்பத்தில் காற்றில் உள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து உண்டாவது.

கார் வெளியே விடும் அளவில் இந்த மூன்றும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் "புகையே வரலை" என்பது தேர்ச்சிக்குச் சாட்சி ஆகாது. கண்ணுக்குத் தெரிகிற புகை வேறு வகையில் உதவும்: கறுப்பாக வந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, வண்டி நன்றாகச் சூடான பிறகும் வெள்ளையாக வந்துகொண்டே இருந்தால், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே கசிகிறது. இந்த மூன்று நிறத்தையும் நினைவில் வையுங்கள், கன்வெர்ட்டரைக் கொல்பவர்களைத் தேடும்போது வேண்டியிருக்கும்.

திருப்பூரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு

சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் கலந்ததும், ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கி நின்றதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதும் கொங்கு நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இன்று பட்டறைக் கழிவு, சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்த்தான் ஆகவேண்டும்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்பது இன்ஜினுக்கு வைத்த சுத்திகரிப்பு நிலையம். இன்ஜின் பட்டறை, அதன் கழிவு புகை. பலரும் நினைப்பதுபோல இது அழுக்கைப் பிடித்துவைக்கும் சல்லடை கிடையாது. சல்லடை என்றால் நாளாக நாளாக நிறைந்துபோகும், கழற்றிக் கழுவி மாட்டலாம். இது வந்த பொருளையே வேறு பொருளாக மாற்றி அனுப்புகிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் பாக்டீரியாக்கள் இருக்கும் தொட்டி ஒன்று உண்டு, அவை கழிவைத் தின்று மாற்றும். அந்தத் தொட்டிக்கு ஓர் அளவு இருக்கிறது. பட்டறை ஒரே நாளில் அமிலத்தைத் திறந்துவிட்டால் பாக்டீரியா செத்துப்போகும். அப்போது தொட்டியைப் புதிதாகக் கட்டி என்ன பயன்? பட்டறையில் அமிலத்தைத் திறந்துவிட்டவரைப் பிடிக்காத வரை புதுத் தொட்டியும் சாகும்.

இந்த ஒப்பீட்டில் மற்றதெல்லாம் மறந்தாலும் இந்தக் கடைசிக் கேள்வி மறக்க வேண்டாம்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது

வெளியே இரும்புக் கூடு. உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி. ஒரு சதுர அங்குலத்தில் பல நூறு சிறு துளைகள் நெடுக ஓடும், புகை அவற்றின் வழியே போகும். துளைகளின் சுவரில் அலுமினா பூசியிருக்கும். அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற மூன்று விலையுயர்ந்த உலோகங்கள் பொடியாகப் படிந்திருக்கும். மொத்தமாக எடை போட்டால் சில கிராம்தான். டப்பாவின் விலையில் பெரும்பங்கு அந்தச் சில கிராம்களுக்குப் போகிறது.

இந்த உலோகங்களை வினையூக்கி என்பார்கள். தான் செலவாகாமல், மற்ற இரண்டு பொருள்கள் வேகமாக வினைபுரிய உதவும் பொருள்தான் வினையூக்கி. பிளாட்டினமும் பல்லேடியமும் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் ஆக்சிஜனோடு சேர்த்து, கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாற்றுகின்றன. ரோடியம் நேர்மாறாக, நைட்ரஜன் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, வெறும் நைட்ரஜனாக்கி அனுப்புகிறது. ஒரே டப்பாவில் மூன்று மாசுகளுக்கும் வழி செய்வதால் இதை மும்முனைக் கன்வெர்ட்டர் என்று சொல்லலாம்.

ஒரு வேலைக்கு ஆக்சிஜன் வேண்டும், இன்னொரு வேலைக்கு ஆக்சிஜன் அதிகம் இருக்கக் கூடாது. இரண்டும் ஒன்றாக நடக்க வேண்டுமானால் இன்ஜினுக்குள் போகும் காற்றும் பெட்ரோலும் மிகச் சரியான விகிதத்தில் இருக்க வேண்டும். எடைக் கணக்கில், எத்தனால் கலக்காத ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. இந்த விகிதத்தில் இருப்பதை லாம்டா 1 என்று குறிப்பார்கள். லாம்டா ஒன்றுக்கு மேலே போனால் காற்று அதிகம், கீழே போனால் பெட்ரோல் அதிகம்.

இதைக் கவனித்துக்கொள்வது கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார். புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று அது சொல்ல, இ.சி.யூ. எனப்படும் காரின் கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். இந்தக் கூட்டல் குறைத்தல் நொடிக்கு நொடி நடப்பதால் விகிதம் சற்று மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். ஆட்டத்தைச் சமாளிக்க, கன்வெர்ட்டரின் பூச்சில் சீரியம் ஆக்சைடும் கலந்திருப்பார்கள். ஆக்சிஜன் அதிகமாக வரும்போது அது சேர்த்துவைக்கும், குறையும்போது எடுத்துக் கொடுக்கும். கன்வெர்ட்டர் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கான சூட்சுமம் இந்தச் சேமிப்பில்தான் இருக்கிறது.

கடைசியாக, வெப்பம். குளிர்ந்த கன்வெர்ட்டர் ஏறக்குறைய எதுவும் செய்யாது. 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வந்த பிறகே வேலையைத் தொடங்கும். ஓடும்போது அதைவிட அதிகச் சூட்டில் இருக்கும். பொள்ளாச்சிப் பக்கம் தோப்புக்குள் காரை விடுபவர்கள், காய்ந்த ஓலைமேலும் சருகுமேலும் நிறுத்த வேண்டாம். நெடுந்தூரம் ஓடிவந்த காரின் அடியில் தீப்பிடிக்கப் போதுமான சூடு இருக்கும்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: கன்வெர்ட்டர் புகையைப் பிடித்துவைப்பதில்லை, மாற்றுகிறது. அதற்கு வெப்பமும் காற்று, பெட்ரோலின் சரியான விகிதமும் வேண்டும். விகிதத்தைக் காப்பது இன்ஜினின் பொறுப்பு.

புகை டெஸ்ட் எதை அளக்கிறது

நாம் பொல்யூஷன் சர்டிபிகேட் என்று சொல்லும் புகைச் சான்று, 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 115-ஆம் விதியின் கீழ் வருவது. புது வண்டிக்குப் பதிவான நாளிலிருந்து ஓராண்டு தேவையில்லை. அதற்குப் பிறகு பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு முந்தைய வண்டிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பி.எஸ். என்பது பாரத் ஸ்டேஜ், அதாவது வண்டி தயாராகும்போது கடைப்பிடிக்க வேண்டிய மாசு வரம்பு. பி.எஸ்.4 நாடு முழுவதும் 2017 ஏப்ரலிலும், பி.எஸ்.6 2020 ஏப்ரலிலும் வந்தன. உங்கள் கார் எதில் சேரும் என்பது ஆர்.சி.யிலேயே இருக்கும்.

மாசு வரம்பை மீறி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் முதல்முறைக்கே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு என்று இருக்கிறது. ஆனால் அபராதத்துக்குப் பயந்து மட்டும் டெஸ்டுக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லும் மலிவான பரிசோதனை இது. நம்பரை மட்டும் சொல்லிச் சான்று வாங்கிக்கொண்டு போகிறவர்கள், குறைந்த செலவில் கிடைக்கும் ரத்தப் பரிசோதனை முடிவைப் படிக்காமல் விடுகிறார்கள்.

மையத்தில் நடப்பது எளிது. சைலன்சர் குழாய்க்குள் ஒரு கம்பியை விடுவார்கள். அது புகையை உறிஞ்சி இயந்திரத்துக்கு அனுப்பும். முதலில் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, அளப்பார்கள். பி.எஸ்.4, பி.எஸ்.6 பெட்ரோல் கார் என்றால் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு. பி.எஸ்.2, பி.எஸ்.3 கார்களுக்கு இது 0.5 சதவீதமும் 750 பிபிஎம்மும். அப்புறம் ஆக்சிலரேட்டரை மிதித்து 2500 ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு 2500 சுற்று அளவில் வைத்து இன்னொருமுறை. அங்கே பி.எஸ்.4 காருக்குக் கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதம், லாம்டா 0.97-க்கும் 1.03-க்கும் நடுவில்.

நைட்ரஜன் ஆக்சைடை இந்த டெஸ்டில் அளப்பதே இல்லை என்பதையும் சொல்லவேண்டும். நின்ற இடத்தில் பளுவில்லாமல் ஓடும் இன்ஜினில் அது அதிகம் உண்டாகாது, அதனால் அளந்தும் பெரிய பயன் இருக்காது. ஆனால் பாஸான கார் எல்லா வகையிலும் சுத்தமான கார் என்று நினைத்துவிட முடியாது. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

கையில் வாங்கிய அந்தச் சீட்டைப் படிக்கத் தெரிந்தால் மெக்கானிக்கிடம் போவதற்கு முன்பே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

கார்பன் மோனாக்சைடு அதிகம், லாம்டா ஒன்றுக்குக் கீழே என்றால் பெட்ரோல் தேவைக்கு மேல் போகிறது. சோம்பிப்போன ஆக்சிஜன் சென்சார், ஒழுகும் இன்ஜெக்டர், இன்ஜின் சூடாகிவிட்டது என்பதைச் சரியாகச் சொல்லாத வெப்ப சென்சார் ஆகியவை சந்தேகப்பட வேண்டியவை. கார்பன் மோனாக்சைடு குறைவு, ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறியிருக்கிறது என்றால் ஏதோ ஒரு சிலிண்டரில் தீப்பொறி சரியாக விழவில்லை, அல்லது வால்வு சரியாக மூடவில்லை. பணிமனையில் இதை "மிஸ்ஸிங் அடிக்குது" என்பார்கள். தீப்பொறி விடும் பிளக்கும், அதற்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயிலும் முதலில் பார்க்க வேண்டியவை. லாம்டா மட்டும் 1.03-ஐத் தாண்டி, மற்றதெல்லாம் வரம்புக்குள் இருந்தால் சைலன்சர் குழாயில் எங்கோ ஓட்டை. வெளிக்காற்று உள்ளே போய்க் கலக்கிறது. இதைச் சரிசெய்யப் பல நேரம் இணைப்பில் கசிவைத் தடுக்கும் ஒரு கேஸ்கட்டோ கொஞ்சம் வெல்டிங்கோ போதும்.

நாலாவது நிலை ஒன்று இருக்கிறது: லாம்டா கச்சிதமாக ஒன்றில் நிற்கிறது, வண்டி நன்றாகச் சூடாகியிருக்கிறது, மிஸ்ஸிங்கும் இல்லை, ஆனாலும் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் வரம்புக்கு மேல். பட்டறையில் தவறில்லை, சுத்திகரிப்பு நிலையம் வேலை செய்யவில்லை என்று பொருள். கன்வெர்ட்டரைச் சந்தேகிக்க வேண்டியது இந்த நிலையில்தான். நல்ல கன்வெர்ட்டர் இருக்கும் கார் சூடான பிறகு கார்பன் மோனாக்சைடில் வரம்புக்கு வெகு கீழே, பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும்.

சுருக்கமாக: டெஸ்ட் ஃபெயில் என்பது ஒரே நோயின் பெயர் கிடையாது. எந்த எண் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பதுதான் நோயைச் சொல்லும்.

கன்வெர்ட்டரைச் சாகடிப்பவை

முதல் குற்றவாளி மிஸ்ஸிங். எரியாத பெட்ரோலும் எரியாத காற்றும் சேர்ந்து கன்வெர்ட்டருக்குள் போகும்போது அங்கே எரியத் தொடங்கும். உள்ளே வெப்பம் ஆயிரம் டிகிரியைத் தாண்டும். உலோகப் பொடிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, வேலை செய்யும் பரப்பு சுருங்கிப்போகும். இன்னும் ஏறினால் தேன்கூடே உருகிக் கட்டியாகிவிடும். செக் இன்ஜின் லைட் சும்மா எரியாமல் விட்டுவிட்டு மின்னினால், கன்வெர்ட்டர் கெடும் அளவுக்கு மிஸ்ஸிங் இருக்கிறது என்று கார் சொல்கிறது. அந்த நேரத்தில் "ஊர் போய்ப் பாத்துக்கலாம்" என்று அவினாசியிலிருந்து சேலம் வரை ஓட்டினால் பிளக் செலவோடு போயிருக்க வேண்டியது கன்வெர்ட்டர் செலவில் முடியும்.

பழைய மெக்கானிக்குகளிடம் ஒரு கைப்பழக்கம் உண்டு. எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பார்கள். கார்புரேட்டர் அம்பாசிடரில் அது நல்ல வழி. கன்வெர்ட்டர் உள்ள காரில் வயரைப் பிடுங்கி வைத்திருக்கும் நேரம் முழுக்க அந்தச் சிலிண்டரின் பெட்ரோல் பச்சையாகக் கன்வெர்ட்டருக்குள் போகிறது. அனுபவமுள்ள அண்ணனாக இருந்தாலும் தயங்காமல், "ஸ்கேனர் போட்டுப் பாத்துரலாமுங்ணா" என்று சொல்லிவிடுங்கள். காரின் கணினியோடு இணைத்து, அது பதிந்த கோளாறுக் குறிகளைப் படிக்கும் கருவிதான் ஸ்கேனர். அதேபோல, ஸ்டார்ட் ஆகாத காரை விடாமல் தள்ளித் தள்ளிப் பார்ப்பதும் பச்சைப் பெட்ரோலை உள்ளே அனுப்பும்.

இரண்டாவது, ஆயில் எரிவது. இன்ஜின் ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கப் பாஸ்பரஸும் துத்தநாகமும் சேர்த்திருப்பார்கள். ஆயில் எரிந்தால் அவை கன்வெர்ட்டரின் சுவரில் போய்ப் படியும். உலோகம் அங்கேயேதான் இருக்கும், புகை அதைத் தொட முடியாது. நீலப் புகை விடும் வண்டிக்குப் புதுக் கன்வெர்ட்டர் மாட்டக் கூடாது. முதலில், ஆயிலை உள்ளே விடாமல் தடுக்கும் பிஸ்டன் ரிங்கையும் வால்வு சீலையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவதுதான் நம்ம ஊர்ச் சங்கதி. சிறுவாணித் தண்ணீர் குடித்துப் பழகிய கோவைக்காரருக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள், ஆனால் பல்லடம், காங்கேயம், தாராபுரம் என்று கிழக்கே போகப் போக ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் அந்த உப்புத்தண்ணீரையே ஊற்றிவிடுவது வழக்கம். உள்ளே வெள்ளையாகப் பொருக்குக் கட்டும், அலுமினியம் அரிக்கும், குளிர்ச்சி குறையும், இன்ஜின் ஒருநாள் ஓவர்ஹீட் ஆகும், ஹெட் கேஸ்கட் விடும். அதன் வழியாகக் கூலன்ட் சிலிண்டருக்குள் கசிந்து, எரிந்து, அதில் கலந்திருக்கும் பொருள்கள் கன்வெர்ட்டரில் பூச்சாகப் படியும். ஆக்சிஜன் சென்சாரும் சேர்ந்து கெடும். ஒரு குடம் போர் தண்ணீருக்கும் புகை டெஸ்டுக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கிறது. கம்பெனி சொன்ன கூலன்ட்டை மட்டும் ஊற்றுங்கள். அவசரத்துக்குத் தண்ணீர்தான் வேண்டுமென்றால் பேட்டரிக்கு ஊற்றும் சுத்தநீர் நல்லது.

பழைய நாட்களில் பெட்ரோலில் கலந்த ஈயம் கன்வெர்ட்டருக்குக் கொடிய நஞ்சாக இருந்தது. 1995-இல் நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்குக் கன்வெர்ட்டரைக் கட்டாயமாக்கியபோது ஈயமில்லாப் பெட்ரோலையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள். 2000-இல் ஈயப் பெட்ரோல் நாடு முழுவதும் நின்றது. கலப்படப் பெட்ரோல் இன்றும் கெடுதல்தான். இன்ஜினில் கேஸ்கட்டுக்குப் பதிலாகத் தாராளமாகப் பூசும் சிலிக்கான் பசையும் சென்சாரைக் கெடுக்கும். மழையில் கோவை லங்கா கார்னர் மாதிரியான பாலத்தடி வெள்ளத்துக்குள் சூடான காரை இறக்கினால் பீங்கான் சட்டென்று குளிர்ந்து விரிசல் விடலாம். உயரமான வேகத்தடையில் அடி தட்டினாலும் உடையும்.

செத்துவிட்டதா என்று உறுதிசெய்வது

ஸ்கேனரில் பி0420 என்ற குறி வந்தால் "கன்வெர்ட்டர் போச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தக் குறி சொல்வது, கன்வெர்ட்டரின் செயல்திறன் வரம்புக்குக் கீழே இருப்பதுபோலத் தெரிகிறது என்பதை மட்டும்தான். கார் அதை எப்படித் தெரிந்துகொள்கிறது? கன்வெர்ட்டருக்குப் பின்னாலும் ஒரு ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. முன் சென்சாரில் ஆக்சிஜன் ஏறி இறங்கும். சீரியம் ஆக்சைடு அந்த ஏற்ற இறக்கத்தை வாங்கிக்கொள்வதால், கன்வெர்ட்டர் நல்ல நிலையில் இருக்கும்போது பின் சென்சார் ஏறக்குறைய ஒரே கோடாக நிற்கும். பின் சென்சாரும் முன்னதைப் போலவே துள்ள ஆரம்பித்தால் சேமிப்புத் திறன் போய்விட்டது என்று கணினி முடிவுசெய்கிறது. ஆனால் பின் சென்சாரே பழுதாகியிருந்தாலும், குழாயில் ஓட்டை இருந்தாலும் இதே குறி வரலாம். எனவே ஸ்கேனரில் இரண்டு சென்சாரின் கோட்டையும் ஓடவிட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அடைத்துக்கொண்ட கன்வெர்ட்டர் வேறு விதமாகத் தெரியும். சமவெளியில் ஓரளவு ஓடும். பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும்போது, 27 கொண்டை ஊசி வளைவில் இரண்டு மூன்றைத் தாண்டுவதற்குள் இழுவை இல்லாமல் மூச்சுத் திணறும். முன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் அழுத்தமானியை மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பொதுவாக அழுத்தம் ஐடிலிங்கில் ஒன்றரை பி.எஸ்.ஐ.க்குள், 2500 ஆர்.பி.எம்மில் மூன்றுக்குள் இருந்தால் அடைப்பில்லை. கன்வெர்ட்டர் ஆறிய பிறகு ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டும்போது உள்ளே ஓடு உருள்கிற சத்தம் கேட்டால் பீங்கான் உடைந்திருக்கிறது, அதற்கு வேறு பரிசோதனை வேண்டாம். பெட்ரோல் டேங்கில் ஊற்றும் கிளீனர் பாட்டில்கள் உருகியதையோ உடைந்ததையோ நஞ்சேறியதையோ மீட்காது.

மாற்றும்போது

முதலில் சாகடித்தவரைச் சரிசெய்ய வேண்டும், அப்புறம்தான் புதியது. வரிசை மாறக் கூடாது.

வாரண்டிக் கையேட்டை எடுத்து, எமிஷன் வாரண்டி என்று தனியாக ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பலரும் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. கம்பெனிப் பொருள் விலை அதிகம்தான். விலை குறைந்த பொதுவகைகளில் உலோகப் பூச்சு மெலிதாக இருப்பது உண்டு. மாட்டிய புதிதில் பாஸாகி, சில மாதத்தில் அதே பி0420 திரும்ப வரும். கோவை உக்கடம் பக்கம் பழைய பாகம் வாங்கலாமா என்று கேட்பார்கள். கதவு, பம்பர், கண்ணாடி என்றால் வாங்கலாம். கன்வெர்ட்டரை நான் பழையதாக வாங்கச் சொல்ல மாட்டேன். அதன் திறன் வெளியில் பார்த்தால் தெரியாது.

பல சிறு கார்களில் கன்வெர்ட்டர் தனியாக இராது, மேனிஃபோல்டு எனப்படும் இன்ஜினின் புகைக்குழாய்த் தொகுப்போடு சேர்ந்தே இன்ஜினை ஒட்டி இருக்கும். துருப்பிடித்த போல்ட் முறியும், முன்கூட்டியே துரு நீக்கும் ஆயிலைத் தெளித்து ஊறவிட வேண்டும். பழைய கேஸ்கட்டை மறுபடி போடக் கூடாது. முன் சென்சாருக்கு முன்னால் சின்னக் கசிவு இருந்தாலும் காற்று உள்ளே போய், "காற்று அதிகம்" என்று சென்சார் பொய் சொல்லும், கணினி பெட்ரோலைக் கூட்டும், புதுக் கன்வெர்ட்டர் சூடேறிக் கெடும். மாட்டி முடித்ததும் இன்ஜினை ஓடவிட்டு இணைப்புகளில் கசிவுச் சத்தம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உள்ளே காலி செய்வது

நல்ல கன்வெர்ட்டர் இன்ஜினின் பலத்தில் எடுத்துக்கொள்வது மிகக் குறைவு. அடைத்துக்கொண்டதை உடைத்தவருக்குப் பிக்கப் கூடியது உண்மையாக இருக்கலாம், அடைப்பு நீங்கியதால் வந்தது அது. கூடவே செக் இன்ஜின் லைட் வரும், டெஸ்டில் நிற்காது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 182ஏ(4) பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இதெல்லாம் ஒருபக்கம். சிக்னலில் நமக்குப் பின்னால் டூவீலரில் குழந்தையை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு நிற்பவர் அந்தக் கார்பன் மோனாக்சைடைச் சுவாசிக்கிறார். எனக்கு அதுவே போதுமான காரணம்.

டீசல் காரர்களுக்கு

டீசலில் எப்போதும் காற்று அதிகம் என்பதால் மும்முனைக் கன்வெர்ட்டர் வேலைக்கு ஆகாது. அங்கே வேறு வகை கன்வெர்ட்டர், கரித்துகளைப் பிடிக்கும் டி.பி.எஃப்., சில வண்டிகளில் யூரியாக் கரைசல் என்று தனி ஏற்பாடு. டி.பி.எஃப். உண்மையிலேயே வடிகட்டிதான், பிடித்த கரியை அவ்வப்போது எரித்துத் தள்ளும். டீசல் டெஸ்டும் வேறு: ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துவிட்டுப் புகையின் அடர்த்தியை ஒளி வைத்து அளப்பார்கள்.

டெஸ்டுக்குப் போகும் அன்று

வீட்டு வாசலிலிருந்து பக்கத்துத் தெரு மையத்துக்கு நேராகப் போகாதீர்கள். இருபது நிமிடமாவது நல்ல வேகத்தில் ஓட்டிவிட்டு, இன்ஜினை அணைக்காமல் வரிசையில் நில்லுங்கள். கன்வெர்ட்டர் ஆறிவிட்டால் நல்ல காரும் ஃபெயிலாகும். ஆயில் மாற்றும் நேரம் நெருங்கியிருந்தால் மாற்றிவிட்டே போகலாம், பழைய ஆயிலில் கலந்திருக்கும் பெட்ரோலும் ஆவியாகிக் கணக்கில் சேரும். ஏ.சி.யை அணைத்துவிடுங்கள். சமீபத்தில் பேட்டரி கழற்றியிருந்தாலோ ஸ்கேனரில் குறியை அழித்திருந்தாலோ இரண்டு மூன்று நாள் ஓட்டிவிட்டுப் போங்கள். கணினி தன் அளவுகளை மீண்டும் கற்றுக்கொள்ள அவகாசம் வேண்டும். சான்றோடு எண்கள் அச்சான சீட்டையும் கேட்டு வாங்கி, முந்தைய ஆண்டுச் சீட்டோடு சேர்த்து வையுங்கள். பாஸான ஆண்டிலும் ஹைட்ரோகார்பன் 40-லிருந்து 140-க்கு ஏறியிருந்தால் பிளக்கைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

கன்வெர்ட்டரை மாற்றியே ஆகவேண்டி வந்தால், கழற்றிய பழையதை உங்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள். வேலை செய்யாத கன்வெர்ட்டரிலும் பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும் அப்படியே இருக்கின்றன, அவற்றைப் பிரித்தெடுக்க வாங்குபவர்கள் இருக்கிறார்கள். "அந்தப் பழசு எதுக்குங்க உங்களுக்கு?" என்று கேட்டால், பில்லில் அதன் மதிப்பைக் கழித்துத் தரச் சொல்லுங்கள்.